ஸ்ட்ரீமிங் ஜாபுக்காகக் காத்திருக்கும் கட்டளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூரைக் கட்டளைகளால் இயக்கும் கருவி அஸூர் சிஎல்ஐ. அதில் ஸ்ட்ரீம் அனலிட்டிக்ஸ் ஜாபுகளுக்கு, அதாவது தொடர்ந்து வரும் தரவை வர வர அலசும் வேலைகளுக்கு, 'வெயிட்' என்று ஒரு கட்டளை உண்டு. நாம் சொல்லும் நிபந்தனை நிறைவேறும்வரை ஸ்கிரிப்டை அதே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. ஜாப் முடியும்வரை காத்திருக்கும் என்று நினைத்துப் பலர் இதைப் போடுகிறார்கள். ஆனால் ஸ்ட்ரீமிங் ஜாப் தானாக முடிவதில்லை. நாம் நிறுத்தும்வரை, அல்லது பெரிய கோளாறு வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எனவே எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்: ஓடத் தொடங்குவதற்கா, முழுவதும் நிற்பதற்கா, அழிக்கப்படுவதற்கா?

'கிரியேட்டட்' என்ற ஆப்ஷனை நம்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது புரொவிஷனிங் ஸ்டேட்டை, அதாவது ஜாபை உருவாக்கும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை, மட்டும் பார்க்கிறது. அங்கே 'சக்சீடட்' என்று வந்தால் ஜாப் அஸூரில் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான். ஓடுகிறதா என்பதைச் சொல்வது ஜாப் ஸ்டேட் என்ற வேறொரு ஃபீல்டு. அதற்கு 'கஸ்டம்' ஆப்ஷனில் ஜேம்ஸ்பாத் (ஜேசன் தரவிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் வினவல் மொழி) நிபந்தனை எழுத வேண்டும்.

மேற்கோள்குறி சிக்கல் இங்கேதான் வருகிறது. ஜேம்ஸ்பாத்தில் மதிப்பை ஒற்றை மேற்கோளில் எழுத வேண்டும். இரட்டை மேற்கோளில் இருப்பதை அது ஃபீல்டின் பெயராக எடுத்துக்கொள்ளும். 'ரன்னிங்' என்பதை இரட்டை மேற்கோளில் போட்டால் அந்தப் பெயரில் ஒரு ஃபீல்டைத் தேடும். அப்படி ஒன்று கிடையாது, நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. எழுத்துப்பிழை என்று எந்தச் செய்தியும் வராது. காலக்கெடு வரை சும்மா காத்திருக்கும். நாம் மாற்றாவிட்டால் அந்தக் கெடு 3600 விநாடி. பாஷ் ஷெல்லில் முழு நிபந்தனையையும் இரட்டை மேற்கோளிலும், உள்ளே மதிப்பை ஒற்றை மேற்கோளிலும் வைத்தால் சரி. அதற்கு முன், அதே நிபந்தனையை, ஜாபின் விவரங்களைக் காட்டும் 'ஷோ' கட்டளையின் 'குவெரி' ஆப்ஷனில் கொடுத்து, வருவது ட்ரூவா ஃபால்ஸா என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒரு சோதனையைத் தவறவிடவே கூடாது என்பேன்.

'ரன்னிங்' வந்தால் போதும் என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. ஜாப் 'ஃபெயில்டு' ஆகிவிட்டால் வராத நிலைக்காக ஒரு மணிநேரம் போகும். இரண்டில் எது வந்தாலும் வெளியே வரும்படி நிபந்தனையை எழுதுங்கள். அப்புறம் 'ஷோ' மூலம் எது வந்தது என்று பார்த்து, மேலே போவதா நிறுத்துவதா என்பதை ஸ்கிரிப்ட் முடிவு செய்யட்டும். இத்தகைய ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டும் சேவையான அஸூர் பைப்லைன்ஸில் ஒரு வேலைக்கான இயல்பான கெடுவும் 60 நிமிடம்தான். இரண்டும் ஒன்றாக இருந்தால், வெயிட் தன் முடிவைச் சொல்லும் முன்பே பைப்லைன் வெட்டிவிடும். வெயிட்டின் கெடுவை 10 அல்லது 15 நிமிடமாகக் குறைத்து வையுங்கள்.

எதையாவது மாற்ற வேண்டி ஜாபை நிறுத்தும்போதும் கவனம் தேவை. ஓடும் ஜாபின் குவெரியை, அதாவது தரவை எப்படி அலச வேண்டும் என்று சொல்லும் வினவலை, மாற்ற முடியாது. 'நோ வெயிட்' சேர்த்து நிறுத்தச் சொன்னால் கட்டளை உடனே திரும்பிவிடும், ஜாப் இன்னும் 'ஸ்டாப்பிங்'கில் இருக்கும். 'ஸ்டாப்டு' வரும்வரை காத்திருந்த பிறகே மாற்றத்தை அனுப்புங்கள். தரவே வராவிட்டாலும் ஓடும் ஜாபுக்கு ஸ்ட்ரீமிங் யூனிட் (ஜாபுக்கு ஒதுக்கும் கணினித் திறனின் அளவு) கட்டணம் ஏறும் என்பதால், நின்றதை உறுதி செய்வது காசு விஷயமும்கூட.

'டெலீட்டட்' ஆப்ஷன் ஜாப் கிடைக்கவில்லை என்ற பதிலையே வெற்றியாக எடுத்துக்கொள்கிறது. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் உடனே வெற்றிதான். உண்மையான ஜாப் அப்படியே இருக்கும். அழிக்கும் கட்டளைக்கும் காத்திருக்கும் கட்டளைக்கும் ஒரே வேரியபிளிலிருந்து பெயரைக் கொடுங்கள்.

'ரன்னிங்' என்று வந்துவிட்டாலும் தரவு போய்ச் சேர்கிறது என்று பொருளில்லை. உள்ளீடு காலியாக இருக்கலாம், தாமதம் கூடிக்கொண்டே போகலாம். அதை வெயிட்டால் பார்க்க முடியாது. ஜாபின் அளவீடுகளைக் காட்டும் மெட்ரிக்ஸில் அவுட்புட் ஈவென்ட்ஸ் (வெளியே அனுப்பிய பதிவுகளின் எண்ணிக்கை), வாட்டர்மார்க் டிலே (தரவை அலசுவதில் உள்ள தாமதம்) இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்.