சூரியப் பவளத்துக்குச் சோறு ஊட்டுவது எப்படி

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அம்மா, முதல் ராத்திரியே என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, பவளமும் மீனும் வளர்க்கும் 200 லிட்டர் கடல்நீர் டேங்குக்குள் கையை விட்டு நின்றுகொண்டிருந்தேன். "என்னடா, கல்லுக்கு ஊட்டுறே?" என்றாள். கல் இல்லை, உயிர்தான். ஆனால் அவள் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. டேங்கில் வளர்க்கும் பவளத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஊட்டவே தேவையில்லை.

டார்ச், ஹாமர், மஷ்ரூம் போன்ற பவளங்களின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. இது தெரியாமல் முதல் வருஷம் தினமும் பவுடர் தீனி கொட்டினேன். தீனி அழுகி, தண்ணீரில் நைட்ரேட் 50 ppm-ஐத் தாண்டியது, கற்கள் மேலெல்லாம் பச்சை முடி போலப் பாசி, இரண்டு ஹாமர் போயே போய்விட்டன. பட்டினியால் செத்த பவளத்தைவிட, பாசத்தால் செத்த பவளம்தான் என் கணக்கில் அதிகம். இப்போது அவற்றுக்கு வாரம் ஒருமுறை ஆளுக்கு ஒரு மைசிஸ் என்ற குட்டி இறால், அவ்வளவுதான்.

சூரியப் பவளம் வேறு ஜாதி. ஆரஞ்சு நிறம், மஞ்சள் பூ. அதனுள் அந்தப் பாசி கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த விளக்கு வாங்கினாலும் அதற்குப் பிரயோஜனமில்லை. நிழலில், நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். வாரம் மூன்று தடவை கையால் ஊட்ட மனமில்லை என்றால் வாங்காதீர்கள்.

ஊட்டும் முறை இது. உறைந்த மைசிஸ் கட்டி ஒன்றை டேங்க் தண்ணீரிலேயே கரைத்து, அந்தச் சாற்றில் இரண்டு சொட்டைத் தனியே எடுத்துவையுங்கள். மீதியை டீ வடிகட்டியில் ஊற்றி அலசுங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, முதலில் மீன்களுக்குக் கொஞ்சம் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அவை விடாது. தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பை நிறுத்தி, அந்த இரண்டு சொட்டைப் பவளத்தின் மேல் விடுங்கள். கால் மணி நேரத்தில் வாசனை பிடித்து, பாலிப் என்ற பூ மாதிரியான வாய்கள் ஒவ்வொன்றாக விரியும். புதிதாக வாங்கியது லேசில் விரியாது. என்னுடையது ஒன்பதாம் ராத்திரிதான் திறந்தது, அதுவரை தினமும் அதே நேரத்தில் சாறு விட்டேன்.

விரிந்ததும் பிபெட் என்ற உறிஞ்சு குழாயால் பாலிப்புக்கு ஒன்றிரண்டு மைசிஸ். விழுங்க இருபது நிமிஷமாவது ஆகும். அதற்குள் கிளீனர் இறால் வந்து வாய்க்குள்ளிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும், கொஞ்சமும் வெட்கமில்லாத ஜந்து. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றி, பவளத்தின் மேல் கவிழ்த்துவிடுங்கள். மேலே இருக்கும் பாட்டில் வாய் வழியாக ஊட்டலாம், இறால் வெளியே சுற்றிச் சுற்றி வரும். பாலிப்புகளுக்கு நடுவே சதை வற்றி வெள்ளை எலும்பு தெரிந்தால், பசி என்று அர்த்தம்.

தண்ணீர் விஷயத்தில் அலைபாயக் கூடாது. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. இங்கே அறையே 30-ஐத் தாண்டுவதால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. சூடு ஏறினால் மற்ற பவளங்கள் உள்ளிருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். அல்கலினிட்டி (காரத்தன்மை) 8-லிருந்து 9 dKH, கால்சியம் 420 ppm. எண்ணைவிட முக்கியம், அது நாளுக்கு நாள் குதிக்காமல் இருப்பது. குறைந்த தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பளத்தை நினைத்துப் பாருங்கள், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆர்ஓ ஃபில்டரில் சுத்திகரித்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கிறது, நேரடியாக வேண்டாம். வாரம் பத்து சதவீதம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் மாற்றினால் போதும்.

சோவாந்திட் என்ற, பவளத்தின் உறவுக்கார உயிர்களை வைத்திருப்பவர்கள் கையுறை போடுங்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து "எனக்கும் ஒரு துண்டு கொண்டுவாயேன்" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரே பதில்தான். இந்தியாவில் கல் பவளங்களுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. புலிக்கு இருப்பதுபோல முதல் அட்டவணையில். அங்கே மீன் மட்டும் வளர்த்துக்கொள்ளுங்கள், பவளம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, ஊட்டி முடித்ததும் பம்ப். ஒரு தடவை போட மறந்து தூங்கிவிட்டேன். விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து பம்ப் ஓடும் சத்தம் கேட்கும்வரை பிபெட்டைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை.