சாம்பலும் கசடும் கான்கிரீட்டில்: எங்கே தவறுகிறோம்

தளத்தில் விரிசல் விட்டதும் "சாம்பல் கலந்த சிமென்ட், அதான்" என்று சொல்லிவிடுவார்கள். நிலக்கரி எரித்ததில் மிஞ்சும் அந்தச் சாம்பலை எவ்வளவு, எப்படிச் சேர்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு, ஏற்கெனவே சாம்பல் உள்ள சிமென்ட்டில் மறுபடியும் சாம்பல் சேர்ப்பது. கடையில் கிடைக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்தே வரும் சிமென்ட்) மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ், அதாவது இந்தச் சாம்பல், இருக்கலாம். 30 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த சிமென்ட்டில் கால் பங்கைக் குறைத்து அதற்குப் பதில் சாம்பல் போட்டால், கலவையில் கிட்டத்தட்டப் பாதி சாம்பலாகிவிடும். தனியாகச் சாம்பல் சேர்ப்பதாக இருந்தால் ஓபிசி (OPC, சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்) வாங்குங்கள், அளவைப் பொறியாளர் சொல்லட்டும்.

அடுத்தது அவசரம். சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும். அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். ஐஎஸ் 456 என்ற கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிப்படி ஓபிசி கான்கிரீட்டை 7 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும், சாம்பல் கலந்தது என்றால் 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் இதற்கே 14 நாள். நம்ம ஊர் சித்திரையில் இதைக் குறைக்கவே கூடாது. சென்ட்ரிங் முட்டைக் கழற்றும் விஷயமும் இப்படித்தான்: அதே விதி சொல்லும் 7 நாள், 14 நாள் கணக்கு ஓபிசிக்கு. வேறு சிமென்ட் என்றால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை ஏறுகிறதே என்று சென்ட்ரிங்காரர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள்.

அப்புறம், எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. புகைபோக்கிக்கு முன்னால் வடிகட்டிப் பிடிக்கும் நுண்தூள்தான் சிமென்ட்டுக்கு மாற்று. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தில் அள்ளியது அதற்கு உதவாது. அதில் கரடான அடிச்சாம்பலும் கலந்திருக்கும், ஈரமும் எவ்வளவு என்று தெரியாது. எரியாத கரி அதிகமுள்ள சாம்பலும் தொல்லை, கலவையில் ஊற்றும் ரசாயனத்தை அது உறிஞ்சிவிடும். நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி, அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மேட்டூரில் எரியும் நிலக்கரியின் சாம்பல் வேறு வகை. ஒன்றுக்குப் போட்ட கணக்கை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது.

மணலுக்குப் பதில், தாமிரத்தை உருக்கும்போது மிஞ்சும் தாமிரக் கசடு போடலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் 35 சதவீதம் வரை, மணல், ஜல்லிக்கான தர விதியான ஐஎஸ் 383 அனுமதிக்கிறது. ஆனால் அது ஆற்று மணலைவிட நல்ல கனம், அதனால் எடைக்கு எடை மாற்றினால் கணக்கு தவறும், கன அளவில் மாற்ற வேண்டும். தண்ணீரையும் அதிகம் உறிஞ்சாது. பழைய அளவிலேயே ஊற்றினால் மேலே தண்ணீர் மிதக்கும்.

எஃகு ஆலைக் கசடை மட்டும் வீட்டுத் தளத்துக்கு எடுக்காதீர்கள். அதில் தங்கியிருக்கும் சுண்ணாம்பு பிறகு ஈரம் பட்டு உப்பும், கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 383-இல் அதற்கு இடமே இல்லை. இரும்பை உருக்கும் ஊதுலையின் கசடை அரைத்து விற்கும் ஜிஜிபிஎஸ் வேறு சரக்கு, அது சிமென்ட்டுக்கு நல்ல துணை. லாரிக்காரர் இரண்டையும் "ஸ்லாக்" என்றுதான் சொல்வார். எந்த உலையிலிருந்து வந்தது என்று கேட்டு, சோதனை அறிக்கையைப் பார்த்த பிறகு இறக்கச் சொல்லுங்கள்.