செவிலியர் படிப்புக்குப் பெங்களூரு செல்வோர் கவனத்திற்கு

பெங்களூரு அருகில் இருப்பதால், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிப் பிள்ளைகள் பலர் செவிலியர் படிப்புக்கு அங்கேயே சேர்ந்துவிடுகின்றனர். அதில் தவறில்லை, ஆனால் படிப்பு முடிந்து கர்நாடகத்தில் செவிலியராகப் பதிவு செய்தவர், சொந்த மாவட்டத்தில் பணியாற்ற விரும்பினால், கர்நாடகச் செவிலியர் மன்றத்தின் தடையின்மைச் சான்றுடன் சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் குழுமத்திலும் பதிவு பெற வேண்டியிருக்கும் என்பதால், தாம் சேரவிருக்கும் கல்லூரியின் படிப்பு இங்கே ஏற்கப்படுமா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே குழுமத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாண்டு ஏஎன்எம் (துணைச் செவிலியர், மகப்பேறு உதவிப் படிப்பு), மூன்றாண்டு ஜிஎன்எம் (பொதுச் செவிலியம், மகப்பேறு உதவிப் பட்டயப் படிப்பு), நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகியவையே பதிவுக்கு உரிய அடிப்படைப் படிப்புகள். ஆறே மாதத்தில் நர்ஸ் ஆக்குவதாகச் சுவரொட்டி ஒட்டும் நிலையங்கள் (அவற்றுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை) தருவது சான்றிதழ் மட்டுமே. அதைக் கொண்டு பதிவெண் பெற இயலாது.