வுல்வெண்டால் தேவாலயத்தை எப்படிப் பார்ப்பது

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இந்தத் தேவாலயத்துக்குள் நேரே நுழைந்துவிடாதீர்கள், முதலில் வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள், அப்போதுதான் கட்டடம் சிலுவை வடிவில் இருப்பது பிடிபடும். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் முடித்தது. அப்புறம் உள்ளே போய் ஜன்னலோரம் நின்று சுவரின் தடிப்பைப் பாருங்கள், ஏறக்குறைய 5 அடி! சரி, இனிக் குனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது தரைதான். காலடியில் கிடப்பவை கல்லறைக் கற்கள், சில 1813இல் கொழும்புக் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்த்தால், செதுக்கிய எழுத்தும் குலச்சின்னமும் எடுப்பாகத் தெரியும், கைபேசி டோர்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்தாலும் போதும். சோக்குக்கட்டியால் தேய்த்து வாசிக்க மட்டும் முயலாதீர்கள், கல் பாழாகிவிடும். ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.