மொகென்சென்னின் ஜே39 நாற்காலி: அறுந்த இருக்கையை நாமே பின்னுவது எப்படி

டென்மார்க் நாற்காலிகள் என்றால் வெக்னர், யாகப்சன் என்ற வடிவமைப்பாளர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். போர்கே மொகென்சென் (1914–1972) அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆல்போர்க் நகரில் பிறந்து, தச்சுத் தொழில் கற்று, பிறகு கோபன்ஹேகனில் மரச்சாமான் வடிவமைப்பாளர் கோர ‌கிளிண்ட்டிடம் படித்தவர் இவர். 1942-இல் எஃப்.டி.பி. என்ற டென்மார்க் கூட்டுறவு அமைப்பின் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவரானார். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் நல்ல சாமான் செய்வதுதான் அங்கே அவருக்குத் தரப்பட்ட வேலை. 1947-இல் வந்த ஜே39 அதன் பலன். டென்மார்க்கில் அதை 'மக்கள் நாற்காலி' என்றே சொல்கிறார்கள்.

அதன் மரச்சட்டம் பல தலைமுறை தாங்கும். இருக்கை அப்படியல்ல. அது காகிதக் கயிற்றால் பின்னியது, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். இருக்கை கிழிந்ததால் மலிவாக விற்கப்படும் ஜே39 கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்குங்கள், சட்டம் மட்டும் நன்றாக இருந்தால் போதும்.

தேவையானவை

முறுக்கிய காகிதக் கயிறு (3 மி.மீ. அளவுக்குச் சற்று மேல் தடிமன், ஒரு இருக்கைக்குச் சுமார் 1 கிலோ), சிறு ஆணிகள், சுத்தியல், தட்டையான மரக்கட்டை, கத்தி, மரப்பசை, இறுக்கிக் கட்டப் பட்டை, கையுறை. 'காகிதம்தானே' என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்புல் கயிறு கிடைக்காதபோது அதற்கு மாற்றாக வந்து, அதன் உறுதியால் நிலைத்துவிட்ட கயிறு இது.

படி 1: சட்டத்தைச் சோதித்தல்

நாற்காலியைச் சமதளத்தில் வைத்து, முதுகுப் பலகையைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். மூட்டு ஆடினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பின்னலை மேலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்த பிறகே வெட்டுங்கள். எங்காவது குழம்பினால் அந்தப் படம்தான் வழிகாட்டும். வெட்டிய பின் பழைய ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்குங்கள்.

ஆடுகிற மூட்டை இப்போதே சரிசெய்ய வேண்டும். புதிதாகப் பின்னிய பிறகு உள்ளே கை போகாது. மூட்டைப் பிரித்து, காய்ந்த பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவிச் சேர்த்து, பட்டையால் இறுக்குங்கள். நான்கு கால்களும் தரையில் சரியாகப் படிகின்றனவா என்று பசை ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

படி 2: மரத்தைச் சுத்தம் செய்தல்

பளபளவென்று புதிதாக்க வேண்டும் என்ற ஆசையை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டு வெளிச்சத்தில் ஏறிய நிறத்தை உப்புத்தாள் ஒரு மணி நேரத்தில் அழித்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வார்னிஷ் இல்லாத மரமானால் டென்மார்க்கில் வழக்கமாகச் செய்வது சோப்புப் பூச்சு. வாசனையோ நிறமோ சேராத சோப்புச் செதில்களை வெந்நீரில் கரைத்து, துணியால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் துடைத்து, உலர விடுவார்கள். கறை பிடிவாதமாக இருந்தால் மட்டும் அந்த இடத்தில் 240 எண் உப்புத்தாளை மெல்ல ஓட்டுங்கள்.

ஓக் மரமானால் ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு நார்) தொடவே கூடாது. ஓக்கில் உள்ள டானின் என்ற வேதிப்பொருளும் ஈரத்தில் கரையும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புத் திட்டு விழும்.

படி 3: முன்மூலைகளை நிரப்புதல்

புதிதாகப் பின்னுபவர் அதிகம் தடுமாறும் இடம் இது. இருக்கையின் முன்சட்டம் பின்சட்டத்தைவிட நீளமாக இருந்தால், முதலில் அந்த வித்தியாசத்தை நிரப்பியாக வேண்டும். உதாரணமாக வித்தியாசம் 6 செ.மீ. என்றால், மூலைக்கு 3 செ.மீ.; 3 மி.மீ. கயிற்றில் அது ஏறக்குறைய 10 சுற்று.

கயிற்றின் நுனியை இடது சட்டத்தின் உள்பக்கம் ஆணியடித்துக் கொள்ளுங்கள். முன்சட்டத்தின் மேலே கொண்டுபோய், அடியில் சுற்றி, நடுவெளி வழியாக மேலே எடுங்கள். பிறகு இடது சட்டத்தின் மேலே போட்டு, அடியில் சுற்றி, குறுக்கே வலது சட்டத்துக்கு இழுங்கள். அங்கே வலது சட்டத்தின் மேல், அடி, நடுவெளி, முன்சட்டத்தின் மேல், அடி. வலது சட்டத்தின் உள்பக்கத்தில் ஆணியடித்து வெட்டுங்கள். இது ஒரு சுற்று. முன்னால் மிஞ்சும் இடைவெளி பின்சட்டத்தின் நீளத்துக்குச் சமமாகும்வரை இதையே செய்யுங்கள்.

படி 4: நான்கு மூலையும் சுற்றி வருதல்

இனி ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றை வெட்ட வேண்டாம். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று அதே அசைவில் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சட்டத்தின் மேலே போய், அடியில் சுற்றி, நடுவெளியில் ஏறி, அடுத்த சட்டத்தின் மேலே போய், அடியில் சுற்றி, அடுத்த மூலைக்கு. ஊரில் கயிற்றுக் கட்டில் பின்னிய கைகளுக்கு இதில் கடினமானது எது என்று தெரியும்: கடைசிவரை ஒரே இழுவிசை. ஒரு சுற்று தளர்ந்தால் அதன்மேல் உட்காரும் அத்தனையும் தளரும். சில சுற்றுக்கு ஒருமுறை மரக்கட்டையை வைத்துத் தட்டி, கயிறுகளை நெருக்கி, மூலையில் கயிறுகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். கோணல் தெரிந்தால் அந்த இடத்திலேயே பிரித்துவிடுவது நல்லது, அடுத்த சுற்றில் அது மறையாது, கூடும்.

கயிற்றைச் சில மீட்டர் நீளத் துண்டுகளாக வைத்துக்கொண்டால் நடுவெளியில் நுழைப்பது எளிது. துண்டுகளை இணைக்கும் முடிச்சுகள் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையில் மறையட்டும். கயிற்றை ஊற வைக்காதீர்கள், ஊறிய காகிதம் வலுவிழக்கும்.

படி 5: நடுப்பகுதி

இருக்கையின் ஆழம் அகலத்தைவிடக் குறைவு என்பதால் பக்கச் சட்டங்கள் முதலில் நிரம்பிவிடும். நடுவில் மிஞ்சும் பகுதிக்கு முன்சட்டம், பின்சட்டம் இரண்டு மட்டுமே. முன்சட்டத்தைச் சுற்றி நடுப்பிளவில் ஏறி, பின்சட்டத்தைச் சுற்றி மறுபடி நடுப்பிளவில் ஏறி, 8 போல ஓட்டுங்கள். கடைசி நுனியை அடியில் ஆணியடித்து முடியுங்கள்.

பின்னலுக்கு எண்ணெயோ வார்னிஷோ வேண்டாம். எதுவும் சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள். ஒரே மேசையைச் சுற்றி வைக்க நான்கைந்து நாற்காலி சேர்த்திருந்தால், முதல் ஒன்றை முடித்து எவ்வளவு கயிறு செலவானது என்று எடை பார்த்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரே கடையில் ஒன்றாக வாங்குங்கள். காகிதக் கயிற்றின் நிறம் உருளைக்கு உருளை கொஞ்சம் மாறும், பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அது தெரியும்.