வெளிநாட்டுக்கு முதல் பார்சல்: வரிச் சிக்கல் இல்லாமல் அனுப்புவது எப்படி?

வீட்டிலிருந்தபடி சேலை, சுடுமண் நகை, பித்தளைச் சாமான் என்று இணையத்தில் விற்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் வெளிநாட்டு ஆர்டர் வரும். உடனே எல்லாரும் தபால் செலவைத்தான் விசாரிப்பார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறொன்று: அந்த நாட்டு வரியை யார் கட்டுவது? இதைப் பேசி முடிக்காமல் அனுப்பினால், பார்சல் போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் கையில் ஒரு பில் நீட்டப்படும். அவர் கட்ட மறுத்தால் பொருள் திரும்பி வரும், இல்லையென்றால் அங்கேயே அழிக்கப்படும். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

நான் மதுரையிலிருந்து சுங்குடிச் சேலைகளும் சுடுமண் தோடுகளும் அனுப்புகிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஒன்றிரண்டு பொருளாகத் தபாலில் அனுப்புகிறவர்களுக்கானது. பான், நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு மூன்றும் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். "என் விற்பனை குறைவு, ஜிஎஸ்டி எதற்கு?" என்று நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஏற்றுமதியை வெளிமாநில விற்பனையின் கணக்கில்தான் சட்டம் சேர்க்கிறது. உள்ளூர் விற்பனைக்கான வரம்பை நம்பி இறங்காமல் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 1: மூன்று காகிதங்கள்

முதலாவது ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி எண். டிஜிஎஃப்டி எனப்படும் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம். இதற்காக ஏஜெண்டுக்குப் பணம் தர வேண்டாம். உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண்ணாகவும் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் செய்தாக வேண்டும்; விட்டால் எண் முடங்கிவிடும்.

இரண்டாவது எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய நாம் தரும் உறுதிமொழிக் கடிதம். ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி 11 படிவம். இது இருந்தால் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் உரிய ஜிஎஸ்டி) கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். இல்லாவிட்டால் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஆயுள் ஒரு நிதியாண்டுதான், ஏப்ரல் பிறந்ததும் புதிதாகப் போடுங்கள்.

மூன்றாவது ஏடி கோட். உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்கு உள்ள எண் இது. சின்னக் கிளைகளில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. "ஃபாரெக்ஸ் பார்க்கிற கிளை எது, அங்கிருந்து ஏடி கோட் கடிதம் வாங்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள், வேலை நடக்கும். கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், உங்கள் ஐஇசி எண்ணோடு இருக்க வேண்டும். கையில் வந்ததும் ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் தளத்தில் பதிந்துவிடுங்கள்.

படி 2: தபாலா, கூரியரா?

என் ஓட்டு தபாலுக்கு. டாக் கர் நிர்யாத் கேந்திரா (சுருக்கமாக டிஎன்கே) என்ற பெயரில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்கள் இருக்கின்றன. அதன் தளத்தில் கணக்குத் தொடங்கி, பிபிஈ எனப்படும் தபால் ஏற்றுமதிப் பத்திரத்தை வீட்டிலிருந்தே நிரப்பலாம். பார்சலை மையத்தில் கொடுத்தால் போதும். கஸ்டம்ஸ் சோதனை நம் நாட்டிலேயே உள்ள வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் நடக்கும், நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. இந்த மின்னணு முறைக்கான விதிகள் 2022 டிசம்பரில் வந்தன. டிராபேக், ரோட்டெப் போன்ற, பொருளில் ஏற்கனவே ஏறிய வரியைத் திருப்பித் தரும் சலுகைகளும் 2026 ஜனவரி 15 முதல் மின்னணு முறையில் போகும் தபால் ஏற்றுமதிக்குக் கிடைக்கின்றன. அஞ்சல் துறையின் சேவைகளில் சின்னப் பொதிக்கு ஐடிபிஎஸ், கனமானதற்கோ அவசரத்துக்கோ ஈஎம்எஸ் என்ற விரைவு அஞ்சல் என்பது என் வழக்கம்.

கூரியர் வேகமானது, விலையும் அதிகம். அந்த வழியில் போவதென்றால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: வணிகப் பொருள் சிஎஸ்பி 5 என்ற கூரியர் ஏற்றுமதிப் படிவத்தில்தான் போக வேண்டும். சிஎஸ்பி 4 என்பது கிஃப்டுக்கும் சாம்பிளுக்கும் உரியது. "மலிவாக முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் சில ஏஜெண்டுகள் விற்ற பொருளை அதில் ஏற்றிவிடுவார்கள். பார்சல் போய்விடும், ஆனால் நீங்கள் ஏற்றுமதி செய்ததாக எந்தப் பதிவும் இருக்காது. நாளைக்கு ஜிஎஸ்டி அதிகாரி கேட்டால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை.

படி 3: பொருள் விவரம், எச்எஸ் கோட், விலை

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். வரி எவ்வளவு, தாமதம் எவ்வளவு என்பதை இந்த மூன்று கட்டங்கள்தான் தீர்மானிக்கின்றன.

எச்எஸ் கோட் என்பது பொருளை வகைப்படுத்தக் கஸ்டம்ஸ் பயன்படுத்தும் எண். அதில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. அதற்குப் பிறகு வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தனக்கேற்றபடி சேர்த்துக்கொள்கிறது. நம் கஸ்டம்ஸுக்கு எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து. பருத்திச் சேலை என்று தேடினால் ஆடைப் பிரிவில் கிடைக்காது, ஏனென்றால் தைக்காத சேலை துணியாகத்தான் வகைப்படுகிறது. சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் போகாத பருத்தித் துணி 5208, அதைத் தாண்டினால் 5209. பட்டுச் சேலை 5007. ஆனால் தைத்த ரவிக்கை 6206 என்று ஆடைக்குள் போய்விடும். அதனால் சேலையோடு தைத்த ரவிக்கையும் அனுப்பினால் இரண்டையும் தனித்தனி வரிசையில், தனித்தனி விலையோடு எழுதுங்கள். சுடுமண் நகை, கவரிங் நகை 7117. பித்தளைப் பாத்திரம் 7418, பித்தளைச் சிலை 8306.

விவரக் கட்டத்தில் 'சேலை' என்றோ 'கைவினைப் பொருள்' என்றோ மட்டும் எழுதாதீர்கள். அந்த ஊர் அதிகாரிக்குச் சேலை என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'தைக்காத பெண்கள் உடைத் துணி, சேலை, 100 சதவீதம் பருத்தி, நெசவு, சாயமிட்டது, ஐந்தரை மீட்டர், எண்ணிக்கை ஒன்று, இந்தியாவில் தயாரானது' என்ற அளவுக்கு விளக்கமாக ஆங்கிலத்தில் இருக்கட்டும். என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படும், எத்தனை, எங்கே செய்தது. இவ்வளவும் இருந்தால் பெரும்பாலும் திறந்து பார்க்கும் வேலையே வராது.

அடுத்தது விலை. "அக்கா, விலையைக் குறைச்சுப் போட்டு கிஃப்ட்னு எழுதிடுங்களேன்" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அன்பாக மறுத்துவிடுங்கள். கிஃப்ட் என்றால் ஒருவர் இன்னொருவருக்குக் காசு வாங்காமல் கொடுப்பது. விற்ற பொருள் அதில் வராது. பார்சல் தொலைந்தால் நீங்கள் எழுதிய விலையைத் தாண்டி இழப்பீடு கிடைக்காது. சந்தேகம் வந்தால் அதிகாரி உங்கள் விற்பனைப் பக்கத்தையே திறந்து விலையைப் பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக இன்வாய்ஸ், பிபிஈ, வங்கியில் வந்த பணம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 6,000 ரூபாய் வந்திருக்கும்போது பத்திரத்தில் 1,500 என்று இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

படி 4: போகிற நாட்டின் விதி

சிங்கப்பூர் சுலபம். தபாலிலோ விமானத்திலோ வரும் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட பொருளுக்கு எல்லையில் ஜிஎஸ்டி வசூலிப்பதில்லை. விற்பவர் அங்கே பதிவு செய்ய வேண்டியது பெரிய விற்பனை இருந்தால் மட்டுமே. ஆஸ்திரேலியாவும் இதே போக்குதான்: 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை எல்லையில் வரி இல்லை, அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 75,000 டாலருக்குக் கீழ் விற்கிறவருக்குப் பதிவும் வேண்டாம். கனடாவில் வரம்பு வெறும் 20 கனடிய டாலர். அநேகமாக எல்லாப் பார்சலுக்கும் வரி வரும் என்றே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்கா அடியோடு மாறிவிட்டது. 2016 முதல் 800 டாலர் வரை வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 அன்று அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நின்றது. நம் அஞ்சல் துறை சில வாரங்கள் அமெரிக்கப் பார்சல்களை வாங்காமலே நிறுத்தி, அக்டோபர் 15 அன்று திரும்பத் தொடங்கியது. அப்போது பொருள் விலையில் 50 சதவீத வரியை இங்கேயே கவுண்டரில் கட்டி அனுப்பும் முறை வந்தது. விகிதம் அரசியலோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் அன்றைய விகிதத்தை மையத்தில் கேளுங்கள். போன மாத நினைவை வைத்து விலை சொல்லாதீர்கள். வரி இங்கேயே கட்டப்படுவதால் வாங்குபவர் வாசலில் பணம் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

பிரிட்டனில் 135 பவுண்டு எல்லைக்கோடு. அதற்குள் இருக்கும் பொருளுக்கு விற்பவரே விற்கும்போது 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) வசூலிக்க வேண்டும். நேரடியாக விற்றால் அங்கே பதிவு தேவை, எட்ஸி போன்ற சந்தைத் தளம் வழியாக விற்றால் தளமே வசூலித்துக் கட்டிவிடும். 135 தாண்டினால் வாங்குபவர் கட்ட வேண்டும். 150 பவுண்டுக்குப் பொருள், 20 பவுண்டு அனுப்பும் செலவு என்று வையுங்கள். சுங்க வரி பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும் 170க்கு வாட் 34 பவுண்டு, ராயல் மெயில் கையாளும் கட்டணம் 8 பவுண்டு. ஆக 42. முன்கூட்டியே சொன்னால் வாங்குபவர் தயாராக இருப்பார்; சொல்லாவிட்டால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார், அவர் கோபத்தில் நியாயமும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1 அன்று போய்விட்டது. 150 யூரோ வரையிலான பொருளுக்கு ஐயாஸ் (ஐஓஎஸ்எஸ்) என்ற முறை உண்டு: விற்கும்போதே வாட் வாங்கி, ஐயாஸ் எண்ணோடு அனுப்புவது. சொந்தமாக எண் எடுக்க நமக்கு அங்கே ஒரு இடைத்தரகர் வேண்டும், சின்ன விற்பனைக்கு அது கட்டுபடியாகாது. அதனால் ஐரோப்பாவுக்குச் சந்தைத் தளம் வழியாக விற்பதையே நான் சிபாரிசு செய்கிறேன். கமிஷன் போனாலும் பரவாயில்லை.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். தளம் தரும் ஐயாஸ் எண்ணை நீங்கள் பார்சலை பதியும்போது கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். பெட்டியின் மேல் எழுதி ஒட்டுவதால் பயனில்லை. அந்த ஊர் கஸ்டம்ஸ் பார்ப்பது பார்சலுக்கு முன்னால் போய்ச்சேரும் மின்னணுத் தகவலை. அதில் எண் இல்லையென்றால் வரி கட்டாத பார்சல் என்று எடுத்துக்கொண்டு வாங்கியவரிடம் இன்னொரு முறை வாட் கேட்பார்கள். டிஎன்கே தளத்தில் நிரப்பும்போதே அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். கவுண்டரில் பதிவதானால் எண் ஏறியிருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று: 2026 ஜூலை 1 முதல் 150 யூரோவுக்குள் இருக்கும் பார்சலுக்கும் பொருள் வகைக்கு 3 யூரோ சுங்க வரி என்று ஒன்றியம் 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. சேலை, தோடு, விளக்கு என மூன்று வகையை ஒரே பெட்டியில் போட்டால் 9 யூரோ.

படி 5: விற்பனைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்

நாடுவாரியாக இரண்டு வாக்கியம் போதும். 'அமெரிக்கா: வரி விலையில் சேர்ந்தது. கனடா: வரி, கையாளும் கட்டணம் வாங்குபவர் பொறுப்பு.' வாட்ஸாப்பில் ஆர்டர் வந்தால் இதையே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கேளுங்கள்.

படி 6: பணமும் பதிவும்

பணம் வந்ததும் வங்கி பர்ப்பஸ் கோட், அதாவது எதற்காக வந்த பணம் என்று சொல்லும் எண் கேட்கும். முன்பணமாக வாங்கிய ஏற்றுமதிக்கு பி0103. வரவுச் சான்றையும் பிபிஈ நகலையும் இன்வாய்ஸோடு ஒரே கோப்பில் வையுங்கள். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது: 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஏற்றுமதிப் பதிவுகளை, பணம் வந்துவிட்டது என்ற நம் உறுதிமொழியை வைத்தே வங்கி முடித்துவைக்கலாம். கிளையில் தெரியாது என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

சுவாமிமலைப் படிமம் விற்கும் ஒருவர் பார்சல் நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். புதிதாக வார்த்த சிலையும் பார்வைக்குப் பழையதாகத் தெரியும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பதால் அதிகாரி சந்தேகப்படுவது இயல்பு. இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கி உடன் வையுங்கள்.

பத்தமடைப் பாய், பனையோலைப் பெட்டி, விதை மணிமாலை ஆகியவற்றை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: அங்கே வரியைவிடத் தாவரக் கிருமிச் சோதனைதான் கடினம். ஆர்டர் எடுக்கும் முன் எந்தப் பொருளை எந்த நிபந்தனையில் உள்ளே விடுவார்கள் என்று சொல்லும் அந்நாட்டின் பைகான் தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுப் பாருங்கள். மயில் தோகை எந்த நாட்டுக்கும் கூடாது, நம் நாட்டிலேயே ஏற்றுமதித் தடை.

"வெளிநாட்டிலிருந்து எனக்கு வரும் கிஃப்டுக்கு விலக்கு உண்டா?" 2019 டிசம்பர் வரை 5,000 ரூபாய் வரை இருந்தது, இப்போது இல்லை. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு தொடர்கிறது.

திரும்பி வந்த பார்சலுக்கு இங்கே இறக்குமதி வரி கேட்டார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். நாம் அனுப்பிய பொருளே மூன்றாண்டுக்குள் திரும்பினால் வரிவிலக்குக் கோர வழி இருக்கிறது. ஏற்றுமதிக்காகப் பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போன பொருளும் வந்த பொருளும் ஒன்று என்று நிரூபிக்க பிபிஈ நகலும் டிராக்கிங் எண்ணும் தேவை. அனுப்பும் முன் பொருளை நான்கு பக்கமும் படமெடுத்து அதே கோப்பில் போட்டுவையுங்கள், சேலையென்றால் முந்தானையும் கரையும் தெரிகிற மாதிரி.