ஈபேயில் லிஸ்டிங் தானாக மாறினால் எங்கே தேடுவது: ஒரு பேனா வியாபாரியின் வழி

நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு ஈபேயில் பழைய மை பேனாக்கள் விற்கிறேன். பெரும்பாலும் பார்க்கர் 51, எஸ்டர்புரூக் ஜே வகை. எஸ்டர்புரூக் இதே மாநிலத்தின் கேம்டன் நகரத்துப் பேனா; இங்கே பழைய வீடுகளைக் காலி செய்யும்போது இன்னும் வெளியே வருகிறது. புதிதாக விற்க வரும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, நான் போட்டது ஒன்று, அங்கே நிற்பது வேறொன்று. யார் மாத்தினாங்க?"

அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. லிஸ்டிங்கை, அதாவது விற்பனைக்குப் போட்ட பதிவை, மட்டும் திருத்திவிட்டுப் போனால், மாற்றம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே திரும்பவும் வரும்.

முதலில் பொருளின் பக்கத்தைத் திறந்து விவரப் பகுதிக்குப் போங்கள். திருத்தம் நடந்திருந்தால் கடைசியாக மாறிய தேதியும் நேரமும் அங்கே இருக்கும். பக்கத்திலேயே 'வியூ ஆல் ரிவிஷன்ஸ்' என்ற இணைப்பு. எந்தப் பகுதி எப்போது மாறியது என்று அது சொல்லும். முன்பு என்ன எழுதியிருந்தது என்று சொல்லாது. அதற்காகத்தான் விற்பவர்களுக்கான செல்லர் ஹப் பக்கத்தின் ரிப்போர்ட்ஸ் பகுதியிலிருந்து நடப்பு லிஸ்டிங்குகளின் கோப்பை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வேன். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்தால் தலைப்போ விலையோ மாறியிருப்பது உடனே கண்ணில் படும். மாறிய நேரத்தையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தபால் கட்டணத்துக்கோ ரிட்டர்னுக்கோ வைத்திருக்கும் பொதுவான பாலிசியைத் திருத்தினீர்களா? அப்படியானால் தேடலை அங்கேயே நிறுத்தலாம். ஒரு பாலிசியை மாற்றினால் அதோடு இணைந்த எல்லா லிஸ்டிங்கிலும் அந்த மாற்றம் இறங்கும். ஒரே ஒரு பேனாவுக்குத் தபால் கட்டணம் மாற வேண்டுமென்றால், பாலிசியை நகலெடுத்து வேறு பெயரில் சேமித்து, அந்தப் பேனாவுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

அடுத்தது கேட்டலாக், அதாவது ஈபே வைத்திருக்கும் பொருள் விவரப் பட்டியல். எனக்குத் தெரிந்து பெரிய தலைவலி இங்கேதான். 1941இல் கடைக்கு வந்த பார்க்கர் 51 தானாகவே மையை உறிஞ்சிக்கொள்ளும் பேனா. மூடியை இழுத்தால் கழன்று வரும். அதே பெயரில் 2021இல் பார்க்கர் வெளியிட்டது வேறு பேனா: கார்ட்ரிட்ஜ் (மை நிரம்பிய குழாய்) அல்லது கன்வெர்ட்டர் (மை நிரப்பிக்கொள்ளும் குழாய்) போட வேண்டும், மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். விற்கத் தொடங்கும்போது 'பார்க்கர் 51' என்று தட்டியதும் தளம் ஒத்துவரும் பொருள்களைக் காட்டும். அவசரத்தில் புதியதைத் தொட்டுவிட்டால், அந்தப் புதுப் பேனாவின் விவரங்கள் உங்கள் பழைய பேனாவின் கட்டங்களில் வந்து உட்கார்ந்துவிடும். வாங்கியவர் "விவரத்தில் சொன்னது வேறு" என்று புகார் கொடுத்தால், நீங்கள் ரிட்டர்ன் கிடையாது என்று போட்டிருந்தாலும் செல்லாது. ஆகவே பழைய பொருளுக்குக் கேட்டலாக் பொருத்தம் எதையும் எடுக்காமல் தொடருங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே படியுங்கள்: மை நிரப்பும் முறை, தயாரான நாடு, நிப் (பேனா முள்) எதனால் ஆனது. தெரியாத கட்டம் காலியாகவே இருக்கட்டும். எஸ்டர்புரூக்கில் நிப்பைத் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். அதனால் நிப் எண்ணை, 2668, 9556 என்று, தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். கட்டங்கள் என்ன சொன்னாலும் தலைப்பும் படமும் சரியாக இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பொத்தானை அழுத்தினால் ஈபேயின் ஏஐ எழுதித் தரும் விவரமும் இதே ரகம். மையே ஊற்றிப் பார்க்காத பேனாவைப் பற்றி "வழுவழுப்பாக எழுதும்" என்று ஒரு வரி வந்தால், அந்த வாக்குறுதி உங்கள் பெயரில்தான் நிற்கும். அந்தப் பொத்தானை நான் தொடுவதில்லை. ரப்பர் பை மாற்றியதா, மூடியில் கீறல் உண்டா, எழுதிப் பார்த்தேனா என்று மூன்று நான்கு வரி நானே எழுதிவிடுவேன்.

இனி டிக் பெட்டிகள். பழைய லிஸ்டிங்கை நகலெடுத்துப் புதியது போட 'செல் சிமிலர்' கொடுத்தால் பழைய தேர்வுகளும் கூடவே வரும். வெளியிடும் முன் விலைப் பகுதியை முழுதாக விரித்துப் பாருங்கள். ஆஃபர் (வாங்குபவர் பேரம் கேட்பது) ஏற்பது வேண்டாமென்றால் அணையுங்கள். விற்காத ஏலத்தை 8 முறை வரை தானாக மறுபடி போடும் தேர்வு ஒன்று உண்டு. எனக்கு அது பிடிக்காது. பிலடெல்பியா பேனா கண்காட்சியில் நேரில் விற்றுவிட்ட பேனா இங்கே மறுபடி ஏலத்தில் நின்றால் என்ன செய்வீர்கள்? தவிர, ஒருவரும் கேட்காத பேனாவுக்குப் புதுப் படமும் புதுத் தலைப்பும் தேவை. அதையே எட்டு முறை காட்டிப் பயனில்லை.

ஈபேக்குக் கட்டணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தில், ஈபே சிபாரிசு செய்யும் கட்டண விகிதத்துக்கு ஏற்பத் தானாக மாறும் முறையைத் தேர்ந்திருந்தால் உச்ச வரம்பு ஒன்று வையுங்கள், அல்லது நிலையான விகிதத்துக்கு மாறுங்கள். புது லிஸ்டிங்குகளைத் தானே சேர்த்துக்கொள்ளும் பிரசாரம் ஏதாவது ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து விற்பவர்களுக்கு 2022இல் வந்த ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங், அதாவது ஈபேயே வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் திட்டம், இன்னொரு இடம். உங்கள் பொருள் வெளிநாட்டுக்குத் தெரிகிறதென்றால் இதுவாக இருக்கலாம். கணக்கின் ஷிப்பிங் அமைப்புகளில் விலகலாம். நான் விலகவில்லை, பேனா வாங்குபவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள், பார்சலை உள்நாட்டு மையத்துக்கு அனுப்பினால் என் வேலை முடிந்தது.

இதையெல்லாம் ஏலம் தொடங்கிய அன்றே செய்யுங்கள். ஒருவர் பிட் போட்டு (ஏலம் கேட்டு) விட்டாலோ, முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தாலோ பெரும்பாலும் விவரத்தில் கூடுதலாகச் சேர்க்கத்தான் முடியும். அப்படி மாட்டிக்கொண்டால், "மேலே கார்ட்ரிட்ஜ் என்று இருப்பது தவறு, இது பழைய வகை" என்று சேர்த்துவிட்டு, பிட் போட்டவருக்கும் செய்தி அனுப்புங்கள்.

அணைக்கவே முடியாதது ஒன்று உண்டு. 2019 மார்ச்சிலிருந்து நிலையான விலை லிஸ்டிங்குகள் எல்லாம் நீங்கள் நிறுத்தும்வரை மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே போகும். கடைச் சந்தா இல்லாதவருக்கு மாதம் 250 லிஸ்டிங் இலவசம். புதுப்பிப்பும் அந்தக் கணக்கில் சேரும். முடிவுத் தேதி கட்டாயம் வேண்டுமென்றால், உங்கள் விலையையே தொடக்க விலையாக வைத்து 7 அல்லது 10 நாள் ஏலமாகப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாறினால், வெளி மென்பொருள்தான் மிச்சம். எப்போதோ இணைத்து மறந்த லிஸ்டிங் கருவி தன்னிடம் உள்ள பழைய பிரதியை உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாததை நீக்குங்கள். தேவையானதை வைத்துக்கொண்டால், அப்புறம் திருத்தங்களை அந்தக் கருவியில் மட்டுமே செய்யுங்கள். இரண்டு இடத்திலும் கை வைக்காதீர்கள்.